அறியாமைச் சான்றிதழ்

பெரியம்மா யாரையும் நம்ப மாட்டாள். அதனால்தான் ஏழு தாய்மார்கள் அவளை நம்பினார்கள்.

அப்போதுதான் பிரித்த பாலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொக்கியை இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குழந்தைகளை எண்ணுவாள். கண்ணால் எண்ணினால் ஒரே சுருட்டைத் தலையை இரண்டு தரம் எண்ணிவிடுவோம் என்பது அவள் கட்சி. அதனால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவாள். மாடியில் இரண்டு அறைகள், படிக்கு ஒரு தடுப்பு, வெளியே போனால் பிடித்துக்கொள்ள ஏழு முடிச்சுப் போட்ட நீலக் கயிறு, இவ்வளவுதான் அவளுடைய நிறுவனம். தாய்மார்கள் ஏழு பேரும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை செய்தார்கள். காலை ஆறிலிருந்து மூன்று வரை அவர்கள் அங்கே, குழந்தைகள் இங்கே.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தினமும் அந்தரத்தில் தொங்கும் பெட்டியை நம்பிப் பிழைக்கிறவர், ஆகவே எதையும் நம்புவார். அரசாங்கக் கடிதம் வந்த அன்று அவர்தான் உறையைப் பிரித்தார். நான்கு பக்கம், எல்லாம் அவர்கள் பிழைக்க வந்த அந்த ஊரின் மொழியில். கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் நம் மொழியில் ஒரு வரி இருந்தது. ‘இக்கடிதம் புரியாதவர்கள் மூன்றாம் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்கவும்.’ மூன்றாம் பக்கம் ஊர் மொழியில் இருந்தது.

வீட்டுக்காரர் தெரிந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறி விஷயத்தைக் கண்டுபிடித்தார். “அடுத்த மாசம் ஒண்ணாந் தேதிலேர்ந்து, அடுத்தவங்க குழந்தைங்க ரெண்டு பேருக்கு மேல வச்சிருந்தா உரிமம் வேணுமாம். இல்லன்னா மிச்சப் பேர வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.”

“யார் வீட்டுக்கு? அவங்கவங்க அம்மா அங்க துணி வெளுத்துக்கிட்டிருப்பா.”

“அத எழுதல. ஆனா நம்ம மொழிக்காரங்களுக்குன்னே தனிப் பிரிவு தொடங்கியிருக்காங்களாம். நல்ல மனசுல்ல?”

பெரியம்மா உறையைத் தலைகீழாக உதறி, உள்ளே இன்னும் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று பார்த்தாள். மத்தியானம் குழந்தைகள் வரிசையாகத் தூங்கும்போது, ஒரு பேச்சுக்கு, எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்று நினைத்துப் பார்த்தாள். கடைசியில் படுத்திருந்தது பட்டாணி. மூன்று வயது. வந்த நாளிலிருந்து நான்கு மாதம் ஒரு சொல் பேசாதவள், இப்போது ஒரே ஒரு சொல் பேசுகிறாள். பெரியம்மா எண்ணும்போது தலையைக் கொண்டுவந்து கைக்கடியில் வைத்து, “எண்ணு” என்பாள். அந்தத் தலையை யாரிடம் அனுப்புவது என்று நினைத்ததும் பெரியம்மா எழுந்து ஏழு தலைகளையும் இன்னொரு தரம் தொட்டு எண்ணினாள். மறுநாளே ஒரு தாயை விடுப்புப் போட வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

மொழித் தடையற்ற உரிமப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கச் சிரிக்கும் முகங்களின் படம். கீழே ஊர் மொழியில் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ‘உங்கள் மொழியிலேயே எங்களிடம் பேசுங்கள்’ என்பது அதன் அர்த்தம் என்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மேஜைக்குப் பின்னால் பிரிவுத் தலைவி, நடுத்தர வயதுக்காரி. பக்கத்தில் ஒரு மீசைக்காரர், கழுத்தில் அட்டை தொங்க விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் மொழிபெயர்ப்பாளர். தலைவி வாயைத் திறந்தாள், மீசைக்காரர் பேசினார்.

“வணக்கம். நான் இந்தப் பிரிவோட தலைவி. உங்களப் பாத்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். என் வீட்டுக்காரர் இன்னும் போன் பண்ணல, பண்ணினா நான் மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடு.”

பெரியம்மா மீசையைப் பார்த்தாள். தலைவி பக்கத்து மேஜையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அறையில் அதிகாரி பேசும் எதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும், தன் சொல்லாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்பது அவருக்கு விதி. அந்த மனிதர் விதியை விட்டு இம்மி நகராதவர்.

“உரிமம் வேணும்” என்றாள் பெரியம்மா.

“அதுக்கு ஆய்வு நடக்கணும். ஆய்வுல மொழிபெயர்ப்பாளர் வேணும்னா, உங்களுக்கு ஊர் மொழி தெரியாதுங்கறதுக்கு அறியாமைச் சான்றிதழ் வேணும்.”

“இப்ப இவரு பேசறாரே?”

“மொழிபெயர்ப்பாளர் வேணும்னா சான்றிதழ் வேணும்ங்கறதச் சொல்ல மட்டும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. பத்து நிமிஷம். இப்ப ஆறு நிமிஷம் ஆயிடுச்சு. இத அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க, எதுவும் தெரியாத மாதிரி நடிக்கறாங்கன்னு நினைக்கறேன்.”

சொல்ல வேண்டாம் என்றதையும் மீசைக்காரர் அதே குரலில் சொல்லி முடித்தார். தலைவி அவரை முறைத்தாள். பெரியம்மா இருவரையும் முறைத்தாள்.

மிச்சமிருந்த நிமிஷங்களில் நம் மொழியிலேயே அச்சடித்த விண்ணப்பம் ஒன்று அவள் கைக்கு வந்தது. அவளுக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்தது. படித்தாள். ‘குழந்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்குவரை வைப்பீர்கள்?’ ‘ஈரம் பட்ட குழந்தைகளை எத்தனை மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்துவீர்கள்?’ ‘குழந்தைகளில் எலி, பூச்சி புகாதிருக்க என்ன ஏற்பாடு?’

“இது என்ன கேள்வி?”

தலைவியின் முகம் மலர்ந்தது. மீசைக்காரர் முகம் மலராமல் பேசினார். “சரக்குக் கிடங்கு உரிமத்துக்கு ஏற்கெனவே உங்க மொழில விண்ணப்பம் இருந்துச்சு. சரக்குன்னு இருந்த இடத்துல எல்லாம் குழந்தைன்னு மாத்தினோம். ஒரே மத்தியானத்துல முடிச்சோம். போன வருஷம் எங்களுக்கு விருது குடுத்தாங்க.”

பெரியம்மா இதை நம்பவில்லை. இது ஏதோ பொறி, பொய் சொல்கிறவளைப் பிடிக்க வைத்தது என்று முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் உண்மையே எழுதினாள். ‘அடுக்குவதில்லை. அவர்களே ஏறிக்கொள்கிறார்கள்.’ ‘உடனே. ஆளுக்கு மூன்று மாற்று உடை இருக்கிறது.’ ‘பூச்சியைக் குழந்தைகளிடமிருந்து காப்பதுதான் கஷ்டம்.’ தலைவி அதை வாங்கி, படிக்காமல், முத்திரை குத்தினாள்.

அறியாமைத் தேர்வு அடுத்த வாரம் நடந்தது. ஜன்னலில்லாத சின்ன அறை, இரண்டு நாற்காலி. மீசைக்காரர் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தலைவி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஊர் மொழியில் ஒவ்வொன்றாக வாசித்து, பெரியம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பெரியம்மா அசையாமல்தான் இருந்தாள். ஒரு வாக்கியத்தின்போது மட்டும் தலைவி அவள் தோளையே பார்க்க, பெரியம்மாவும் சட்டென்று தோளைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தைகள் வெளியிலிருந்து கொண்டுவந்த நாலைந்து சொற்களும் காதில் விழுந்தன: ‘தண்ணி’, ‘என்னுது’, ‘அவன்தான் அடிச்சான்’. கடைசியைக் கேட்டதும் பழக்கதோஷத்தில், “யாரு?” என்று கேட்டுவிட்டாள்.

முடிவைச் சொல்ல மட்டும் மீசைக்காரருக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்தது.

“முப்பத்தெட்டு சதவீதம். உங்க தோள்ல சிலந்தின்னு நான் சொன்னதும் திரும்பிப் பாத்தீங்க.”

“எனக்கு சிலந்தியும் புரியல, ஒண்ணும் புரியல. என் தோள ஒருத்தர் அப்படி முறைச்சுப் பாத்தா நான் பாக்க மாட்டேனா?”

“முப்பதுக்குக் கீழ இருந்தா மொழிபெயர்ப்பாளர் தருவோம். நாப்பதத் தொட்டா நீங்களே பேசிக்கலாம். நடுவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு சதவீதம் கத்துக்கணும், இல்ல எட்டு சதவீதத்துக்கு மேல மறக்கணும். கத்துக்க வகுப்பு இருக்கு, ஒன்பது மாசம் காத்திருக்கணும். மறக்கறதுக்குன்னா அடுத்த வாரமே வரலாம்.”

தலைவி பேனாவை மூடிவிட்டு, மனம் விட்டுப் பேசினாள். மீசைக்காரரும் மனம் விடாமல் மனம் விட்டுப் பேசினார். “இந்தப் பிரிவ தொடங்கினதே உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான். ஆனா உங்கள மாதிரி ஆளுங்க வந்தாத்தான் எங்களுக்கு இடைஞ்சல். சுத்தமா தெரியாதவங்க வந்தா நல்லா இருக்கும். அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க. நல்லாத் தெரிஞ்சவங்க வந்தாலும் சரி, எங்களுக்கு வேலையே இருக்காது.”

ஒன்றாம் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது. பெரியம்மா மறக்கப் பழகினாள். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து ஊர் மொழியில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘பின்னால பாம்பு’ என்பார். அசைய மாட்டாள். “நிஜமாவே தெரியலயா, நடிக்கறியா?” என்று நம் மொழியில் கேட்பார். அதற்கும் அசைய மாட்டாள். அந்த வாரம் முழுக்க அவர் தம் சட்டைக்குத் தாமே பொத்தான் தைத்துக்கொண்டார்.

இரண்டாம் தேர்வில் பூஜ்யம் வாங்கினாள். இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே முதல் பூஜ்யம். தலைவி எழுந்து நின்று கை குலுக்கினாள். ஆண்டறிக்கைக்காகப் படம் எடுத்தார்கள். முத்திரை போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தபோது மீசைக்காரர் சொன்னார்: “வாழ்த்துக்கள். இன்னிலேர்ந்து உங்களுக்கு எதுவுமே தெரியாது. ஏதாவது தெரியும்னு எங்களுக்குத் தெரிஞ்சா, சான்றிதழ ரத்து பண்ணி, ஏமாத்தினதா வழக்குப் போடுவோம். உரிமமும் கிடையாது.”

பெரியம்மா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். இந்த ஆள் யார், எங்கே சாப்பிடுகிறான், எதற்குச் சிரிப்பான் என்று ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை பேசியும் தன்னைப் பற்றி ஒரு சொல் பேசாத மனிதனை அவள் எப்படி நம்புவாள்?

ஆய்வு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அளக்கிற இழுநாடாவும் கைக்கடிகாரமுமாக ஓர் ஆய்வாளர் வந்தார். தன் பிரிவின் சாதனையை நேரில் பார்க்கத் தலைவியும் வந்தாள். மீசைக்காரரும் வந்தார், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. குழந்தைகள் இருக்கும் அறையில் நிற்க அவருக்குத் தனி அனுமதி வேண்டுமாம், அது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுப்பதில்லையாம். குழந்தைகளிடமிருந்து எப்போதும் இருபது அடி தள்ளியே இருக்க வேண்டுமாம். அதனால் அவர் தெருவில் நின்றார். ஆய்வாளர் ஜன்னல் வழியாகக் கீழே கத்தினார், அவர் கீழேயிருந்து மேலே கத்தினார்.

முதல் கேள்வியே “ஜன்னல் ஏன் திறந்திருக்கு?” என்பதுதான். மாடியில் குழந்தைகள் இருக்கும்போது ஜன்னல் திறந்திருப்பது குற்றம். மூடினால் மொழிபெயர்ப்பாளரின் குரல் கேட்காது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆய்வு செல்லாது. அதிகாரிகள் இருவரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். திறந்து கேட்பது, மூடி எழுதுவது. இப்படி இருபத்திரண்டு கேள்வி. திறக்கும் ஒவ்வொரு தடவையும் பெரியம்மா குறுக்கே கையை நீட்டி மறித்துக்கொண்டாள், மூடும் ஒவ்வொரு தடவையும் கொக்கியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் எத்தனை கழிப்பறை என்பதைத் தெரு முழுக்கத் தெரிந்துகொண்டது. எதிர்வீட்டுக்காரி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வாளர் இழுநாடாவைச் சுருட்டினார். ஜன்னல் மூடியிருந்தது. தலைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் ஊர் மொழியில் ஒரு சொல் சொன்னார்.

அது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த சொல். குழந்தைகள் தீயணைப்பு வண்டி விளையாட்டில் நாளைக்கு நூறு தரம் கத்துகிற சொல். நெருப்பு.

எழுந்தால் புரிந்துவிட்டது என்று ஆகும். சான்றிதழ் போகும், உரிமம் போகும், திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி, ஐந்து தலைகள் போகும். எழாவிட்டால் ஆபத்துக்கு எழாதவள் என்று எழுதுவார்கள். பெரியம்மா சுவரைப் பார்த்தாள். ஒரு மூச்சு வாங்கும் நேரம் பயிற்சி பலித்தது. இது தேர்வு என்று அவளுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தெரியும். ஆனால் இவர்கள் சொல்லி எதையுமே அவள் இதுவரை முழுசாக நம்பியதில்லை, இது பொய் என்பதை மட்டும் எப்படி நம்புவது? அந்த ஒரு பங்குச் சந்தேகத்தை ஏழு குழந்தைகளின்மேல் போட அவளுக்கு மனசு வரவில்லை. போகட்டும் என்று எழுந்தாள். கயிற்றை எடுத்தாள்.

“பிடிங்க.”

ஏழு முடிச்சு, ஏழு கை. தடுப்பு திறந்தது. படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். பெரியம்மா தொட்டு எண்ணினாள். ஆறு. ஒரு கணம் அவளுக்கு உயிரே போய்விட்டது. பிறகு முழங்கையின் கீழே ஒரு தலை நுழைந்து, “எண்ணு” என்றது. ஏழு.

குழந்தைகளைக் கண்டதும் மீசைக்காரர் பின்னால் நடக்கத் தொடங்கினார். கயிறு அவரை நோக்கிப் போனது, அவர் இருபது அடியை விடாமல் பின்வாங்கிக்கொண்டே போனார்.

“மேல நிஜமாவே நெருப்பா?” என்று பெரியம்மா கேட்டாள்.

அவர் மூடிய ஜன்னலை அண்ணாந்து பார்த்து, அவள் கேள்வியை ஊர் மொழியில் கத்தினார். மேலிருந்து பதில் இல்லை. தம் சொல்லாக ஒன்றும் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வாயை மூடிக்கொண்டார். ஆனால் தலை மட்டும், மிக லேசாக, இல்லை என்று ஆடியது. பெரியம்மா அதையும் சந்தேகப்பட்டாள்.

அதிகாரிகள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கி வந்தார்கள். மீசைக்காரர் இருபது அடி தள்ளி நின்று தலைவியும் ஆய்வாளரும் மாறி மாறிப் பேசியதை ஒரே குரலில் கத்தினார். “இவங்களுக்குப் புரிஞ்சிருக்கு, என்னை ஏமாத்திட்டாங்க. ஒரு நிமிஷம் பத்து செகண்டு, என் ஆபீஸ்ல கூட யாரும் இவ்வளவு வேகமா இறங்கினதில்ல. அப்ப என் பூஜ்யம் என்ன ஆறது? ஆண்டறிக்கைல படம் போட்டாச்சு. எனக்கென்ன, நான் பாஸ்னு எழுதுவேன். நீ பாஸ்னு எழுதினா நான் மோசடின்னு எழுதணும். அப்ப ரெண்டு பேரும் விளக்கம் குடுக்கணும். இத மொழிபெயர்க்காதீங்க.”

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மீசைக்காரர் தெருவில் வந்து நின்றார். பூஜ்யம் வாங்கியவர்களுக்கு முடிவை வாய்மொழியாக வாசித்துக் காட்ட வேண்டுமாம். பெரியம்மா கயிறும் குழந்தைகளுமாக வாசலுக்கு வந்தாள். வேலைக்குப் போகாமல் பட்டாணியின் அம்மாவும் நின்றிருந்தாள். மீசைக்காரர் இருபது அடியில் நின்று உரக்க வாசித்தார்.

“ஆய்வு முடிவுற்ற வேளையில் மேற்படி வீட்டில் குழந்தைகள் எவரும் காணப்படவில்லை. குழந்தைகள் இல்லாத இடத்துக்கு உரிமம் தேவையில்லை. தேவையில்லாத உரிமத்தை மறுக்கவும் இயலாது. ஆகவே தற்போதுள்ள ஏற்பாடு தொடரலாம். மேலும், விண்ணப்பதாரர் படியிறங்கியது சொல் புரிந்ததால் அல்ல, அவருக்கு இயல்பாக உள்ள சந்தேகத்தால் எனத் தீர்மானிக்கப்பட்டது. அவரது பூஜ்யம் நிலைத்து நிற்கும்.”

“அக்கா, அப்ப வச்சுக்கலாமா, கூடாதா?” என்றாள் பட்டாணியின் அம்மா.

“வச்சுக்கலாம்னுதான் தோணுது. நீ ஓடு, லேட்டாச்சு.”

அவள் ஓடினாள். மீசைக்காரர் போகவில்லை. காகிதத்தை மடித்தார். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு விதியை மீறி ஐந்தாறு அடி முன்னால் வந்தார்.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வயசு. இங்க இடம் இருக்குமா?”

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“இது நீங்க பேசறதா, அவங்க பேசறதா?”

“நான்தாம்மா.”

“இப்ப எங்க விடறீங்க?”

“ஆபீஸ் நடத்தற காப்பகத்துல. உரிமம், சான்றிதழ் எல்லாம் சுவர்ல மாட்டியிருக்கு. போன வெள்ளிக்கிழமை கூப்பிடப் போனப்ப அவ மட்டும் தனியா வாசல்ல நின்னா. உள்ள யாருக்கும் அது தெரியல.”

பெரியம்மா உடனே இளகிவிடவில்லை. விண்ணப்பம் கேட்காத கேள்விகளை அவள் கேட்டாள். எப்போது தூங்குவாள், எதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், ஜுரம் வந்தால் முதலில் எங்கே சுடும். அவர் எல்லாவற்றுக்கும் தட்டுத் தடுமாறி, தம் சொந்தச் சொல்லில் பதில் சொன்னார்.

“அங்க எதுக்கு அழுவா?”

 அதற்கு மட்டும் அவர் இரண்டு மொழியிலும் சொல் தேடுகிறவர்போல நின்றார்.

“தெரியலம்மா. அவ சொல்லித்தான் அழறா. அங்க யாருக்கும் அவ பேசறது புரியாது.”

பெரியம்மா கயிற்றின் கடைசியில் மிச்சமிருந்த துண்டை எடுத்தாள். எட்டாவதாக ஒரு முடிச்சுப் போட்டு, நிற்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.